லாரி சீட்டில் மெத்தை போட்டால் முதுகு தப்பிக்குமா?

இரவு ஒன்பது மணி வாக்கில் நாகர்கோவிலைவிட்டு வடக்கே கிளம்பும் லாரி ஒன்று, ஆரல்வாய்மொழி காற்றை வாங்கிக்கொண்டு, காவல்கிணறு தாண்டி நெல்லை, மதுரை, திண்டுக்கல் என்று ஓடினால், விடியும்போது கரூர் பக்கத்தில் ஏதாவது ஒரு டீக்கடை முன்னால் நிற்கும். டிரைவர் கீழே இறங்குவதைக் கவனித்துப் பாருங்கள். காலைத் தரையில் வைத்ததும் அவர் நடக்கமாட்டார். கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, மெதுவாகப் பின்னால் வளைவார். அதற்கப்புறம்தான் டீ.

அவர் இறங்கிய சீட்டை எட்டிப் பார்த்தால் ஒரு சிறிய மருத்துவமனையே இருக்கும். நான்காக மடித்த பெட்ஷீட். அதன்மேல் மரமணி கோத்த விரிப்பு. முதுகு வரும் இடத்தில் சுருட்டிய துண்டு. சிலரிடம் பாதி காற்றடைத்த பழைய ட்யூப். எல்லாமே அவரவர் கண்டுபிடிப்பு. கம்பெனி கொடுத்த சீட் எங்கோ அடியில் கிடக்கும்.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இடுப்பை ‘நடு’ என்பார்கள். ‘நடு வலிக்கு’ என்று சொல்லாத லாரி டிரைவரை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். மீன் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு ஓடுபவர், குலசேகரத்திலிருந்து ரப்பர் தடி ஏற்றுபவர், நேஷனல் பர்மிட்டில் மாதக்கணக்கில் வெளியே கிடப்பவர் என எல்லோருக்கும் பொதுவான சொத்து அது. நாட்டின் மிக நீளமான நெடுஞ்சாலையான 44-ஆம் எண் சாலை ஸ்ரீநகரில் தொடங்கி சுமார் 3,700 கி.மீ. ஓடி கன்னியாகுமரியில் முடிகிறது. அதன் ஒவ்வொரு குழியும் ஏதோ ஒரு டிரைவரின் நடுவில் பதிவாகிக்கொண்டிருக்கிறது.

இந்த வலிக்குச் சீட்டில் என்ன செய்ய முடியும்? கேட்டால் பத்தில் எட்டுப் பேர் ஒரே பதில்தான் சொல்வார்கள்: “நல்லா மெத்துன்னு ஸ்பாஞ்ச் போட்டா சரியாயிடும்.” சிக்கலே இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

ஊஞ்சல் கணக்கு

ஊஞ்சலில் குழந்தையை உட்காரவைத்துத் தள்ளியவர்களுக்கு இது தெரியும். முழு பலத்தோடு தள்ள வேண்டியதில்லை. ஊஞ்சல் திரும்பி வரும் சரியான நேரத்தில் லேசாகத் தள்ளினாலே போதும், ஒவ்வொரு ஆட்டத்திலும் இன்னும் கொஞ்சம் உயரும். ஒவ்வொரு பொருளுக்கும் இப்படித் தனக்கென்று ஒரு ஆட்ட வேகம் உண்டு. வெளியிலிருந்து வரும் அசைவு அந்த வேகத்தோடு ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும்.

உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கும் அந்த வேகம் உண்டு. மேலும் கீழுமான குலுக்கலில், நம் முதுகுத்தண்டும் வயிற்றுப் பகுதியும் வினாடிக்குச் சுமார் 5 முறை ஆடும் அதிர்வுக்கு மிக அதிகமாக அசைந்து கொடுக்கின்றன. உடல் அதிர்வை அளப்பதற்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 2631, உட்கார்ந்திருப்பவரைச் செங்குத்து அதிர்வு அதிகம் பாதிக்கும் வரம்பாக 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொள்கிறது. ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு எத்தனை முறை என்பதுதான். லாரி சாலையில் குலுங்கும்போது சீட்டுக்கு வந்து சேரும் அசைவில் கணிசமான பங்கு இந்த வட்டாரத்தைச் சுற்றியே இருக்கிறது.

அதோடு இன்னொன்று. லாரியின் ஸ்பிரிங் பட்டைகள் பல டன் சுமையைத் தாங்குவதற்காக அமைந்தவை. சுமை ஏறினால்தான் அவை வளைந்து கொடுக்கும். காலி வண்டியில் அவை ஏறக்குறைய இரும்புக் கட்டைதான். அதனால்தான் லோடு இறக்கிவிட்டுத் திரும்பி வரும் பயணம் அதிகமாகக் குலுக்குகிறது. “எம்ப்டியா வர்றப்பதான் உயிர் போகுது” என்று டிரைவர்கள் புலம்புவதில் மிகையில்லை.

குலுக்கல் மட்டும் இருந்தால்கூட ஒரு மாதிரி சமாளிக்கலாம். அதனோடு அசையாமல் உட்கார்ந்திருப்பதும் சேர்கிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகளுக்கு (டிஸ்க் என்று டாக்டர்கள் சொல்வது) வளர்ந்த வயதில் நேரடியான ரத்த ஓட்டம் கிடையாது. அக்கம்பக்கத்திலிருந்து ஊறி வருவதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. உடல் அசையும்போது அழுத்தம் ஏறி இறங்கி அந்த ஊறல் நடக்கும். மணிக்கணக்கில் ஒரே வளைவில் உட்கார்ந்தால் அது மந்தமாகும். ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960-களில் மனிதர்களின் முதுகு வட்டுக்குள் ஊசி செலுத்தியே அழுத்தத்தை அளந்தார். முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால், நிற்பதைவிட அழுத்தம் கூடுவதாக அவருக்குத் தெரியவந்தது. சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, இடுப்பின் உள்வளைவுக்குத் தாங்கல் கொடுத்தால் அது குறைந்தது. டிரைவர் சுருட்டி வைக்கும் துண்டுக்குப் பின்னால் இவ்வளவு விஷயம் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் தொழிலாளர்களின் உடல் அதிர்வுக்கு அளவு வகுத்தது. 8 மணி நேர வேலைக் கணக்கில், அதிர்வு வினாடி வர்க்கத்துக்கு 0.5 மீட்டரைத் தொட்டால் முதலாளி அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். 1.15-ஐத் தாண்டவே கூடாது. இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. அதிர்வு இரண்டு மடங்கானால், அதே அளவு பாதிப்புக்குள் வேலை பார்க்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையாது, நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். இதையே திருப்பிப் பார்த்தால் நல்ல சேதி: சீட் அதிர்வைப் பாதியாக்கினால் நேரம் நான்கு மடங்கு தாங்கும். ஒரு சீட்டைச் சரிசெய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டியதில்லை.

ஸ்பாஞ்ச் செய்யும் துரோகம்

இப்போது அந்த ‘மெத்து’க்கு வருவோம்.

குஷன் கடையில் போய் நான்கு அங்குலத்துக்கு மெத்தென்ற ஸ்பாஞ்ச் வாங்கிப் போட்டு ரெக்சின் தைத்துவிட்டால், முதல் பத்து நிமிடம் சொர்க்கம். கடை வாசலில் நின்றிருக்கும் வண்டியில் உட்கார்ந்து பார்க்கும்போது எல்லா சீட்டுமே நன்றாகத்தான் இருக்கும். ஓடத் தொடங்கிய பிறகு மூன்று விஷயங்கள் நடக்கும்.

முதலில், மனிதனைத் தாங்கிய ஸ்பாஞ்சுக்கும் ஒரு ஆட்ட வேகம் உண்டு. சாதாரண மெத்தை சீட்டில் அது வினாடிக்கு 4 முறை என்ற அளவை ஒட்டி வருகிறது. உடம்பு எங்கே பலவீனமோ, கிட்டத்தட்ட அதே இடம்! அந்த வேகத்தில் வரும் குலுக்கலை ஸ்பாஞ்ச் விழுங்காது. பெருக்கிக் கொடுக்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளும் கை அது. அதைவிட வேகமான சிறு நடுக்கங்களைத்தான் ஸ்பாஞ்ச் தடுக்கும். அதனால்தான் ‘வண்டி ஸ்மூத்தா இருக்கு’ என்ற மயக்கம் வருகிறது.

அடுத்து, பெரிய குழி வரும்போது மெல்லிய ஸ்பாஞ்ச் முழுக்க அமுங்கி, அடியிலிருக்கும் பலகையில் இடிக்கும். அந்த ஒரு இடி நூறு சிறு குலுக்கலைவிட மோசம்.

மூன்றாவது, தொடை இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் புதைந்து, இடுப்பு பின்னோக்கிச் சரிந்து, முதுகு வில்லாக வளையும். நாச்செம்சன் அளந்த அந்த மோசமான நிலை இதுதான். உடம்பு இதைச் சரிசெய்ய நிமிடத்துக்கு நிமிடம் தசையை இறுக்கும். எட்டாவது மணி நேரத்தில் அந்தத் தசைகள்தான் கத்தும்.

ஸ்பாஞ்சே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. கடையில் கேட்க வேண்டிய கேள்வி மாற வேண்டும். எத்தனை அங்குலம் என்பதற்குப் பதிலாக எவ்வளவு கெட்டி, எவ்வளவு அடர்த்தி என்று கேட்க வேண்டும். முழங்காலை ஸ்பாஞ்ச் மேல் ஊன்றி உடல் எடை முழுவதையும் போட்டால், அடிப் பலகை முழங்காலில் தட்டக் கூடாது. தட்டினால் அது சோபாவுக்கு ஆகும், லாரிக்கு ஆகாது. அடியில் கெட்டியானது, மேலே விரல் கனத்துக்கு மட்டும் மென்மையானது என்று இரண்டு அடுக்காகப் போடுவது நல்ல முறை. பழைய சீட்டை அப்படியே வைத்து மேலே மேலே ஏற்றுவதைத் தவிர்க்க வேண்டும். சீட் மூன்று அங்குலம் உயர்ந்தால் கண்ணாடிகளின் கோணம் மாறும், தொடை ஸ்டியரிங்கில் உரசும், குதிகால் தரையைவிட்டு எழும்பி பிரேக்கை முன்பாதத்தின் நுனியால் மிதிக்க வேண்டி வரும். சீட் பெல்ட்டும் இடுப்பு எலும்பில் உட்காராமல் வயிற்றுக்கு ஏறும். முதுகைக் காப்பாற்றப் போய் உயிரைப் பணயம் வைத்த கதை.

மரமணி விரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது அதிர்வை ஒன்றும் செய்யாது. ரெக்சினில் ஒட்டிக்கொண்டு வேர்க்கும் முதுகுக்குக் காற்று விடும், அவ்வளவுதான். ஆனால் நம் ஊர் வெயிலில் அந்த ‘அவ்வளவுதான்’ சின்ன விஷயமில்லை. நன்றாகக் கட்டி வைக்காவிட்டால் அவசர பிரேக்கில் உடம்பு வழுக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

சிரட்டையில் வடிந்த சீட்

வெயிலுக்குக் காற்று விட வேண்டும், அமுங்கினாலும் எழும்ப வேண்டும், பலகையில் இடிக்கக் கூடாது. இந்த மூன்றையும் ஓரளவு செய்யக்கூடிய பொருள் ஒன்று, ஸ்பாஞ்ச் வருவதற்கு முன்பே உலக வாகனங்களின் சீட்டுக்குள் இருந்தது. அதன் இரண்டு மூலப்பொருள்களும் ஒரே மாவட்டத்தில் ஒன்றுக்கொன்று அரை மணி நேரத் தூரத்தில் கிடைக்கும் இடம் குமரி.

கிழக்கே, கடலோரம் தென்னை. புவிசார் குறியீடு பெற்ற ஈத்தாமொழி நெட்டைத் தென்னை இங்கேதான். உரித்த கதம்பையிலிருந்து நார் எடுப்பதும் கயிறு திரிப்பதும் கடலோரக் கிராமங்களின் பழைய தொழில், பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. மேற்கே, மலையடிவாரத்தில் ரப்பர். கல்குளம், விளவங்கோடு பக்கம் குலசேகரம், அருமனை என்று போனால், விடியலுக்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டும் தொழிலாளர்களைப் பார்க்கலாம். குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் பால் நன்றாக வடியும். தமிழ்நாட்டின் ரப்பரில் பெரும்பங்கு இந்த மாவட்டத்திலிருந்துதான் வருகிறது. அரசு ரப்பர் கழகத்தின் தலைமையிடம் நாகர்கோவில். 1984-இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் தோட்டங்களில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் வேலை பார்க்கின்றன. பிளாஸ்டிக் கப் வருவதற்கு முன்னால், அந்த ரப்பர் பாலைப் பிடிக்க மரத்தில் கட்டியது எதை? தேங்காய்ச் சிரட்டையை. சில தோட்டங்களில் இன்றும் அதுதான்.

நாரையும் பாலையும் சேர்த்தால் வருவதுதான் ‘ரப்பரைஸ்டு காயர்’. செய்முறை கேட்பதற்கே சுவையானது. நாரை முதலில் இறுக்கமான கயிறாக முறுக்குவார்கள். அந்த முறுக்கோடு கொஞ்ச காலம் விட்டுவிடுவார்கள். பிறகு கயிற்றைப் பிரித்தால் நார் நேராக வராது, சுருள் சுருளாக வரும். இரவெல்லாம் இறுக்கிப் பின்னிய சடையைக் காலையில் அவிழ்த்தால் முடி அலையலையாக நிற்குமே, அதுபோல. ஒவ்வொரு சுருளும் ஒரு குட்டி ஸ்பிரிங். அவற்றை அடுக்காகப் பரப்பி, ரப்பர் பால் கலவையைத் தெளித்து, உலர்த்தி, அச்சில் அழுத்திச் சூடேற்றினால், நாரும் நாரும் தொடும் இடமெல்லாம் ரப்பர் முடிச்சு விழுந்துவிடும். நடுவில் முழுக்கக் காற்று. உட்கார்ந்தால் அமுங்கும், எழுந்தால் நிமிரும், வேர்வை உள்ளேயே தங்காது. காயர் மெத்தை வைத்திருக்கும் வீடுகளில் உறையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஜெர்மனியின் புகழ்பெற்ற ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் சீட்டுக்குள், இரும்பு ஸ்பிரிங்குகளுக்கு மேலே இப்படி நாரைப் பிணைத்த திண்டுதான் இருந்தது. பிரேசிலின் பாரா மாநிலத்தில் 1990-களில் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனமும் அங்குள்ள பல்கலைக்கழகமும் கைகோத்து, தேங்காய் நாரும் ரப்பர் பாலும் கொண்டு லாரிகளுக்கான தலைசாய்மானம் செய்யும் திட்டத்தைத் தொடங்கின. அமேசான் காட்டோரத்து விவசாயிகளுக்கு வருமானம் கொடுப்பது அதன் நோக்கம். அதாவது, நம் ஊர்க் கொல்லையில் கிடக்கும் இரண்டு பொருளை வைத்து, உலகின் மறு பக்கத்தில் லாரி டிரைவரின் கழுத்தைத் தாங்கினார்கள்.

ரப்பர் பாலை மட்டும் தனியாக நுரைக்க வைத்தும் சீட் செய்யலாம். 1929-இல் இங்கிலாந்தின் டன்லப் ஆய்வகத்தில் ஈ.ஏ. மர்ஃபி என்பவரின் குழு அதைச் செய்து காட்டியது. கேக் மாவு அடிக்கும் கருவியில் பாலை அடித்து நுரை எடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. பிறகு வந்த பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச், 1950-களுக்குப் பின் எல்லாவற்றையும் ஓரம் கட்டியது. விலை குறைவு, எடை குறைவு, எந்த வடிவத்திலும் நிமிடங்களில் வார்த்துவிடலாம். தொழிற்சாலைக்கு வேறென்ன வேண்டும்?

நார் சீட்டுக்கும் குறைகள் உண்டு. வருடக்கணக்கில் அமுங்கி அமுங்கி நார் உடைந்து தூளாகும். எடை கூடுதல். நினைத்த நெளிவுக்கு வார்ப்பது கடினம். அதனால் சீட் முழுவதையும் நாரால் செய்யச் சொல்வதைவிட, கெட்டியான அடித்தளமாக ஒன்றரை, இரண்டு அங்குலக் காயர் ஷீட்டும், அதன்மேல் மெல்லிய ரப்பர் நுரையோ அடர்த்தியான ஸ்பாஞ்சோ என்று கேட்டுப் போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். மெத்தைக் கடைகளில் காயர் ஷீட் கிடைக்கும். நல்ல குஷன் கைக்காரர் ஒருவரால் அதை சீட்டின் அளவுக்கு வெட்டிப் பொருத்த முடியும். மேலே ரெக்சினுக்குப் பதில், உட்காரும் நடுப்பகுதியில் மட்டுமாவது காற்றுப் புகும் கெட்டித் துணி.

காசு செலவில்லாத அரை மணி நேரம்

குஷன் கடைக்குப் போகும் முன்பே செய்யக்கூடியவை நிறைய. லாரிக்கு மட்டுமில்லை, வேன், பஸ், கார் ஓட்டுகிறவர்களுக்கும் பொருந்தும்.

பின் பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம். லைசென்ஸ், ஆர்.சி. நகல், டோல் ரசீது, சாமி படம் என்று ஓர் அங்குலத்துக்கு வீங்கியிருக்கும் பர்ஸ் மேல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். காலுக்கு இறங்கும் நரம்பும் அழுந்தும்.

உட்காரும்போது இடுப்பு சாய்மானத்தின் அடிவரைக்கும் ஒட்ட வேண்டும். கிளட்சை முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்படி சீட்டை முன்னே பின்னே நகர்த்த வேண்டும். முழங்காலின் பின்புறத்துக்கும் சீட்டின் முன் ஓரத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் கால் மரத்துப்போகும். சாய்மானம் செங்குத்தாகவும் வேண்டாம், ஈஸிசேர் மாதிரியும் வேண்டாம். செங்குத்திலிருந்து கொஞ்சம் பின்னால், 100 முதல் 110 டிகிரி. துண்டைச் சுருட்டி வைப்பவர்கள் அதை பெல்ட் கட்டும் இடத்துக்கு சற்று மேலே, இடுப்பின் உள்வளைவில் வைக்க வேண்டும். பலர் தோள்பட்டைக்குக் கீழே வைக்கிறார்கள். அது முதுகை இன்னும் முன்னால் தள்ளும். துண்டு தடிமனாக இருக்க வேண்டியதில்லை. வைத்திருப்பதே மறந்துபோகும் அளவு போதும்.

டயரில் காற்று அதிகமாக அடைத்து ஓட்டினால் அந்த இறுக்கமும் சீட்டுக்குத்தான் வந்து சேரும். கேபின் உட்கார்ந்திருக்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்திருந்தாலும் அப்படியே. சீட் சரியில்லை என்று புலம்பும் பல வண்டிகளில் குற்றவாளி கீழேதான் இருப்பார்.

இறங்கும்போது குதிக்கக் கூடாது. மணிக்கணக்கில் குலுங்கி உட்கார்ந்திருந்த முதுகு அந்த நேரத்தில் எதையும் தாங்கத் தயாராக இருக்காது. கைப்பிடியையும் படியையும் பயன்படுத்தி, வண்டியைப் பார்த்தபடி இறங்க வேண்டும். இறங்கிய சூட்டில் தார்ப்பாய்க் கயிறை இழுப்பது, மூட்டை தூக்குவது கூடாது. ஐந்து, பத்து நிமிடம் நடந்துவிட்டுத் தொடுங்கள். டீக்கடை முன்னால் பின்னோக்கி வளையும் அந்த டிரைவர் தனக்குத் தெரியாமலேயே சரியான வைத்தியம்தான் செய்கிறார். அதை ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை என்றில்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்தால் நல்லது.

குமரியில் நடு வலி வந்தால் முதலில் ஆசானிடம் போய் எண்ணெயிட்டுத் தடவிக்கொள்வது வழக்கம். வர்மத்துக்குப் பேர்போன மண். தசை இறுக்கத்துக்கு அந்தத் தடவலில் சுகம் கிடைக்கலாம். ஆனால் வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ, சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றம் வந்தாலோ, தொடைகளின் உட்புறம் உணர்ச்சி குறைந்தாலோ நாள் கடத்தக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. நரம்பு அழுந்தி நிற்கும் நேரத்தில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

சீட் யாருடையது?

முழுமையான தீர்வு என்றால் சஸ்பென்ஷன் சீட்தான். சீட்டுக்கு அடியில் கத்தரிக்கோல் போல் மடங்கும் சட்டம், அதில் ஸ்பிரிங் அல்லது காற்றுப்பை, கூடவே ஆட்டத்தை அடக்க ஒரு ஷாக் அப்சார்பர். காற்றுப்பை ரகத்துக்கு லாரியின் பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் அதே கம்ப்ரெஸரிலிருந்து காற்று வரும். இதன் ஆட்ட வேகம் வினாடிக்கு 1, 2 முறைதான். உடம்பின் 5 என்ற எண்ணிலிருந்து விலகி நிற்பதால் குலுக்கலைப் பெருக்காமல் வடிகட்டுகிறது. புதிய ரக லாரிகள் பலவற்றில் இப்போது வருகிறது.

வந்தும் பல நேரம் பயனில்லை என்பதுதான் வேடிக்கை. இந்த சீட்டில் உட்காருபவரின் எடைக்கு ஏற்ப வைக்க ஒரு குமிழ் உண்டு. 60 கிலோ டிரைவர், 90 கிலோவுக்கு வைத்த சீட்டில் உட்கார்ந்தால் அது அசையவே அசையாது. 90 கிலோக்காரர் 60-இல் வைத்து உட்கார்ந்தால், குழிக்குக் குழி அடியில் ‘டக்’கென்று இடிக்கும். “ஏர் சீட்டும் வேஸ்ட்டு” என்று ஓரம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் குமிழைத் திருப்பிப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

பழைய வண்டிகளின் கதை வேறு. இதே 44-ஆம் எண் சாலையில், வடக்கே நாமக்கல் இருக்கிறது. லாரி பாடி கட்டுவதில் நாட்டுக்கே பெயர் பெற்ற ஊர். முன்பெல்லாம் எஞ்சினும் சேஸிஸும் முன்மூடியும் மட்டும் கம்பெனியிலிருந்து வரும். கேபினும் சீட்டும் பாடி கட்டும் பட்டறையில்தான் உருவாகும். பலகை, ஸ்பாஞ்ச், ரெக்சின். நேரே நிமிர்ந்த சாய்மானம். முன்னே பின்னே நகராது. ஓனருக்கு பாடியின் உறுதியும் பெயின்ட்டும் கண்ணில் படும். சீட்டில் உட்காரப் போவது அவர் இல்லையே.

ஒரு சீட்டைப் பற்றிய பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து முட்டுகிறது. வண்டி ஒருவருடையது, முதுகு இன்னொருவருடையது. ட்ரிப் கணக்கில் சம்பளம் வாங்கும் டிரைவர், தன் காசில் சஸ்பென்ஷன் சீட் மாட்டுவாரா? அடுத்த மாதம் வேறு வண்டிக்குப் போய்விட்டால்? ஓனர் பக்கமும் ஒரு கணக்கு உண்டு: டீசல், டயர், டோல், இன்ஷூரன்ஸ், வங்கித் தவணை. அந்தப் பட்டியலில் சீட் கடைசியில்கூட வராது. ஆனால் நடு வலியால் அனுபவமுள்ள டிரைவர் நாற்பத்தைந்து வயதில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டால், அந்த இடத்தை நிரப்ப ஆளில்லாமல் வண்டி ஷெட்டில் நிற்கும்போது ஆகும் நஷ்டத்தில் பல சீட் வாங்கலாம்.

சட்டம் நேரத்தைப் பற்றி எப்போதோ பேசிவிட்டது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் குறைந்தது அரை மணி நேர ஓய்வு என்று வகுத்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. இரவு ஒன்பதுக்கு ஏறி விடியும்வரை இறங்காதவர்களிடம் இந்த எண்களைச் சொன்னால் என்ன பதில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் அறிவித்தது. நல்ல விஷயம். டிரைவர் உட்காரும் இடத்தையும் மனிதன் இருக்கும் இடமாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த அறிவிப்பு குளிர்ச்சியைப் பற்றியது. ஏற்கெனவே சாலையில் ஓடும் வண்டிகளுக்கும் அது பொருந்தாது.

அந்த வண்டிகளுக்கு இப்போதைக்குக் குஷன் கடைதான் கதி. சில வண்டிகளில் அதற்கு முன் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒரே லாரியை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஒருவர் ஆறடி, இன்னொருவர் ஐந்தே கால் அடி. சீட்டை முன்னே பின்னே நகர்த்தும் லிவர் அடியில் இருக்கும். மண்ணும் டீயும் வெற்றிலைத் துப்பலும் சேர்ந்து அது எப்போதோ துருப்பிடித்து இறுகியிருக்கும். முதல் டிரைவர் விட்ட இடத்திலேயே இரண்டாவது டிரைவர் நுனியில் உட்கார்ந்து, சாய்மானம் முதுகில் படாமலேயே 400 கி.மீ. ஓட்டுவார். கிளீனரிடம் சொல்லி, அந்தத் தண்டவாளத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்து நாலு சொட்டு ஆயில் விட்டால் சீட் நகர்ந்துவிடும்.